குரலின் காரணமும் குரலின் பேச்சும்: 1957இன் இரு நாவல்கள்

போதைப்பொருளையும் மாயக்காட்சியையும் பற்றிய இலக்கிய வரலாறு வழக்கமாக ஒரே தடத்தில் நடக்கிறது. முகவலிக்கு அபினி வாங்கி, பிறகு இன்பத்துக்காக அதைத் தொடர்ந்த டி குவின்ஸி. ஹஷீஷ் தரும் செயற்கைச் சொர்க்கங்களை எடைபோட்ட போதலேர். 1953 மே மாதம் 0.4 கிராம் மெஸ்கலினை விழுங்கிவிட்டு, பூச்சாடியில் இருந்த பூக்களையும் தன் கால்சட்டையின் மடிப்புகளையும் வியந்து நோக்கிய ஆல்டஸ் ஹக்ஸ்லி. இவர்கள் காண விரும்பியவர்கள். காண்பதற்கு எது காரணம் என்றும் அறிந்தவர்கள். தூக்கத்துக்கும் உடல் இளைக்கவும் மருந்துக்கடையில் வாங்கியதால் நிலைகுலைந்த எழுத்தாளர்களுக்கு இந்த வரிசையில் இடமில்லை. அதில் சாகசம் இல்லாதது காரணமாக இருக்கலாம். ஆனால் மனநோய்க்கு மிக அருகில் போய்வந்தவர்கள் அவர்களே. மாயப்புலனுணர்வைப் பற்றி நாம் கேட்டாகவேண்டிய கேள்வியை ஹக்ஸ்லியைவிடக் கூர்மையாக எழுப்புபவர்களும் அவர்களே என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஈவ்லின் வோவை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயது, புகழ், நாட்டுப்புறத்தில் பெரிய வீடு, கத்தோலிக்க நம்பிக்கை, தூக்கமின்மை. குளோரலும் புரோமைடும் கலந்த தூக்கமருந்தைக் குடித்துவந்தார், மதுவும் குறையவில்லை. புரோமைடு உடலைவிட்டு மெதுவாகவே வெளியேறும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 12 நாள் ஆகும் என்பதால், அன்றாடம் குடிப்பவருக்கு அது சேர்ந்துகொண்டே போகும். 1954இன் தொடக்கத்தில், வெயிலும் ஓய்வும் நாடி அவர் இலங்கைக்குக் கப்பலேறினார். கப்பலில் குரல்கள் கேட்கத் தொடங்கின. போர்ட் சையதில் இறங்கி விமானத்தில் கொழும்புக்குப் போனார். குரல்கள் அங்கும் விடவில்லை. தான் எண்ணுவதையும் படிப்பதையும், கப்பலில் சந்தித்த உளவியலாளர் கூட்டம் ஒன்று உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறது என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். லண்டன் திரும்பியதும் பேய் பிடித்திருக்குமோ என்ற ஐயத்தோடு பிலிப் காரமன் என்ற இயேசு சபைப் பாதிரியாரிடம் பேசினார். பாதிரியார் பேயோட்டவில்லை, எரிக் ஸ்ட்ராஸ் என்ற மனநல மருத்துவருக்குச் சொல்லியனுப்பினார். மருத்துவர் கண்டது புரோமைடு நஞ்சேற்றம். தூக்கமருந்து மாற்றப்பட்டது. குரல்கள் ஓய்ந்தன. இந்த அனுபவத்திலிருந்து எழுந்த 'கில்பர்ட் பின்ஃபோல்டின் சோதனை' 1957இல் வெளிவந்தது.

இக்குரல்களின் வடிவத்தை மருத்துவக் கண்ணோடு பார்த்தால் ஒரு சங்கடம் எழுகிறது. ஒருவரைப் பற்றிப் படர்க்கையில் பேசிக்கொள்ளும் குரல்கள், அவர் செய்கைகளை உடனுக்குடன் வர்ணிக்கும் குரல்கள், தன் எண்ணம் பிறருக்குக் கேட்டுவிடுகிறது என்ற உறுதி ஆகியவை மனச்சிதைவின் முதல்நிலை அறிகுறிகளாக ஜெர்மானிய மருத்துவர் கர்ட் ஷ்னைடர் வகுத்தவற்றில் அடங்கும். இத்தகைய குரல்கள் வோவுக்குக் கேட்டன. அவருக்கு மனச்சிதைவு இல்லை. உடல்நோய் எதுவும் இல்லாதபோது மட்டுமே இந்த அறிகுறிகளை நம்பவேண்டும் என்று ஷ்னைடரே நிபந்தனை போட்டிருக்கிறார். ஆகவே அவர் தோற்கவில்லை. குரலைக் கேட்டே அதன் ஊற்றைச் சொல்லிவிடலாம் என்ற எதிர்பார்ப்புதான் தோற்கிறது.

1952இல் ஹம்ப்ரி ஆஸ்மண்டும் ஜான் ஸ்மித்திஸும், மெஸ்கலினுக்கும் அட்ரினலினுக்கும் உள்ள வேதியியல் ஒற்றுமையிலிருந்து, மனச்சிதைவு என்பது உடல் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும் ஒருவகைப் போதையாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஹக்ஸ்லிக்கு மெஸ்கலின் கொடுத்தவர் இதே ஆஸ்மண்டுதான். அந்த ஒப்புமையில் விடுபட்டது அறிதல். மருந்தை விழுங்கிய நேரம் ஹக்ஸ்லிக்குத் தெரியும். பக்கத்தில் மருத்துவர் இருந்தார், பேச்சைப் பதிவுசெய்யும் கருவி இருந்தது, எல்லாம் அடங்கிவிடும் என்ற உத்தரவாதமும் இருந்தது. வோவுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. காரணம் தெரியாத மனம் தானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்கிறது. நாவலின் நாயகன் பின்ஃபோல்டுக்கு அது முதலில் கப்பலில் போர்க்காலத்திலிருந்து எஞ்சிய கம்பித்தொடர்பின் கோளாறு. பிறகு சில பயணிகளின் வன்மம். கடைசியில் எண்ணத்தைத் தொலைவிலிருந்தே படிக்கும் ஒரு பெட்டி. மாயக்குரலிலிருந்து பிறழ்நம்பிக்கை வளர்வதை இவ்வளவு படிப்படியாகக் காட்டும் நோயாளிக் குறிப்பு எதையும் நான் படித்ததில்லை.

சரி, குரல்கள் பேசியது என்ன? பின்ஃபோல்ட் ஒரு யூதர், பெயரை மாற்றிக்கொண்ட வந்தேறி, தற்பால் விருப்பமுள்ளவர், குடிகாரர், உயர்குடி வேடம் போடுபவர், ஃபாசிஸ்டு. புரோமைடுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மருந்து குரலை வரவழைத்தது; வசனத்தை அது எழுதவில்லை. 1953இல் பிபிசி வானொலி வோவைத் துருவித் துருவிப் பேட்டி கண்டது. அந்த எரிச்சல் ஏஞ்சல் என்ற பாத்திரமாகிக் கப்பலேறியது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். குரல்கள் பெரும்பாலும் பின்ஃபோல்டின் எதிரில் வருவதில்லை. மரச்சுவருக்கு அப்பால் இருந்துகொண்டு அவரைப் பற்றிப் பேசுகின்றன. அன்றைய ஆங்கிலேயக் கனவான் ஒருவரைச் சாய்க்கக் கத்தி எதற்கு, அடுத்த அறைப் பேச்சு போதும்.

நாவல் வந்த ஆண்டிலேயே ஜே. பி. பிரீஸ்ட்லி 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் இதைப் பிடித்துக்கொண்டார். எழுத்தாளர் ஒருவர் நிலக்கிழார் வேடம் போடுகிறார், அதை விடாவிட்டால் மறுபடியும் புத்தி பேதலிக்கும் என்பது அவர் எச்சரிக்கை. வோ 'ஸ்பெக்டேட்ட'ரில் கேலியாகத் திருப்பிக் கொடுத்தார். பிரீஸ்ட்லி குரலின் பேச்சைப் பெருமளவு சரியாகவே படித்தார். படித்ததையே குரலின் காரணம் என்று எண்ணியதில்தான் சறுக்கினார். குரல்கள் ஓய்ந்தது மருந்தை மாற்றியதால். வேடமோ, 1966இல் வோ இறக்கும்வரை கலையவே இல்லை.

மறுபக்கத்துச் சறுக்கலை நாவலே காட்டுகிறது. இது வெறும் நஞ்சேற்றம் என்று மருத்துவர் பேச்சை முடித்துவிடுகிறார். பின்ஃபோல்டுக்கு அது போதவில்லை. மனைவியிடம் வாய்திறக்காவிட்டால் விட்டுவிடுகிறோம் என்று ஏஞ்சல் பேரம் பேசியதும் தான் மறுத்ததும் அவருக்கு வெற்றியாகவே படுகின்றன. வீண்பெருமை என்று சிரிக்கலாம். ஆனால் குரல்கள் இருந்த நாள்களில் அவர் ஒரு முடிவெடுத்தார், அதில் நின்றார். புரோமைடு கணக்கில் இதற்கு இடமில்லை.

அதே 1954இல் மியூரியல் ஸ்பார்க், பசியைக் குறைக்க டெக்ஸிடிரின் மாத்திரை எடுத்துக்கொண்டு டி. எஸ். எலியட்டைப் பற்றி வேலைசெய்துகொண்டிருந்தார். எலியட்டின் சொற்கள் எழுத்து இடம்மாறி, ரகசியச் செய்திகளாக அவர் கண்முன் கூடின. மாத்திரையை நிறுத்தி, சிகிச்சை பெற்றுத் தெளிந்தார். 1957இல் வந்த அவருடைய முதல் நாவலான 'தேற்றரவாள'ரில், கரோலின் என்ற பெண்ணுக்குத் தட்டச்சுப்பொறியின் ஓசையும் தன் கதையைச் சொல்லும் குரல்களும் கேட்கின்றன. மாத்திரையைக் கதையிலிருந்தே ஸ்பார்க் எடுத்துவிட்டார்; கேட்பது நோயா, கரோலினைப் படைத்தவரின் குரலா என்று வாசகர் தடுமாறுகிறார். இதே பொருளைத் தன்னைவிட ஸ்பார்க் நன்றாகக் கையாண்டிருக்கிறார் என்று மதிப்புரையில் வோ பெருந்தன்மையோடு எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தை நீக்கியதால் ஸ்பார்க்குக்கு ஒரு நேர்த்தியான புதிர் கிடைத்தது. காரணத்தை வைத்துக்கொண்டே அதன் போதாமையைக் காட்டுவது அதைவிடக் கடினம்.

இரு நாவல்களை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பவர்கள், 2015இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி'யில் டான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். பத்மாவதி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய ஊர்களில், குரல் கேட்கும் தீவிர மனநோயாளிகள் தலா 20 பேரிடம் பேசி எழுதியது அது. சான் மட்டேயோவில் குரல்கள் பெரும்பாலும் வன்முறையை ஏவின. அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சொந்தக்காரர்கள் பேசினார்கள்: வேலை ஏவினார்கள், திட்டினார்கள், புத்தி சொன்னார்கள். எண்ணிக்கை சிறியது, பெரிய முடிவுகளை அதன்மேல் ஏற்றக்கூடாது. ஆனால் வோவின் கப்பலில் நாம் கண்ட பிரிவினை இங்கேயும் தெரிகிறது. குரல் கேட்கிறதா என்ற கேள்விக்கு வரும் 'ஆமாம்', சிகிச்சையைத் தொடங்கப் போதும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது அது போதாது. மாமியார் குரலில் ஏச்சு கேட்டவர் திரும்பிப்போகும் வீட்டில் அந்த மாமியாரும் இருக்கக்கூடும்.