ஒரு லட்சம் அனுமதிச் சீட்டுகள்

1945 மே மாதம் ஐரோப்பாவில் பீரங்கிகள் ஓய்ந்தன. ஆனால் நாஜி வதைமுகாம்களில் உயிர் பிழைத்த யூதர்கள் பலருக்கு முள்வேலி அப்படியே இருந்தது. போலந்துக்குத் திரும்பினால் வீடுமில்லை, உறவுமில்லை. அதனால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நேச நாட்டுப் படைகள் நடத்திய முகாம்களில் அவர்கள் காத்திருந்தனர்.

அவர்கள் நிலையைக் கண்டறிய, பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்டப்புல முதல்வர் ஏர்ல் ஹாரிசனை அமெரிக்க அதிபர் ட்ரூமன் அனுப்பினார். மாற்றுத் துணியின்றி வதைமுகாமின் கோடுபோட்ட உடையிலேயே பலர் நாளைக் கழிப்பதை ஹாரிசன் கண்டார். கொல்லவில்லை என்பது ஒன்றைத் தவிர, நாஜிகள் நடத்தியபடியே நாமும் நடத்துகிறோம் என்று தம் அரசிடமே எழுதினார். இவர்களுக்குப் பாலஸ்தீனம் செல்ல ஒரு லட்சம் அனுமதிச் சீட்டுகள் வேண்டும் என்ற, பாலஸ்தீன யூதர்களின் பிரதிநிதி அமைப்பான யூத முகமையின் கோரிக்கையையும் ஆதரித்தார்.

அந்த எண்ணைச் சுற்றியே அடுத்த மூன்றாண்டு அரசுறவு சுழன்றது. 1945 ஆகஸ்ட் 31 அன்று ட்ரூமன், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்டுவந்த பிரிட்டனின் பிரதமர் அட்லிக்கு அதையே வலியுறுத்தி எழுதினார். பிரிட்டனோ 1939ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கையைப் பற்றி நின்றது. ஐந்தாண்டுகளில் 75,000 யூதர்கள், அதன்பின் அரபு மக்கள் இசைந்தால் மட்டுமே என்பது அதன் வரம்பு. ஐரோப்பா செய்த கொடுமைக்கு எங்கள் மண் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று பாலஸ்தீன அரபுகள் கேட்டனர். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பெவின் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலிருந்தும் அறுவர் அறுவராகப் பன்னிருவர் கொண்ட விசாரணைக் குழுவை முன்மொழிந்தார். 1946 ஏப்ரலில் அக்குழு ஒரு லட்சம் பேரை ஏற்கலாம் என்று ஒருமனதாகப் பரிந்துரைத்தது. பாலஸ்தீனம் மட்டும் போதாது, பிற நாடுகளும் இடம் தர வேண்டும் என்றும் சொன்னது. ட்ரூமன் முதற்பகுதியை உடனே வரவேற்றார். அட்லி, பாலஸ்தீனத்தின் சட்டவிரோதப் படைகள் முதலில் ஆயுதம் களைய வேண்டும் என்றார். பிற நாடுகளுக்கான பரிந்துரை கிடப்பில் கிடந்தது.

இதற்கிடையே, 1946 ஜூலை 4 அன்று போலந்தின் கீல்ஸ் நகரில் 42 யூதர்கள் கொல்லப்பட்டனர். அஞ்சியவர்கள் மேற்கே பெருகினர். 1947இல் முகாம்களில் இருந்த யூதர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம். மேசையில் பேசிய எண்ணை முகாமின் எண் எப்போதோ தாண்டிவிட்டது! அவ்வாண்டு கோடையில் எக்ஸோடஸ் கப்பலில் பாலஸ்தீனக் கரை தொட்ட சுமார் 4,500 பேரைப் பிரிட்டன் ஹாம்பர்க்குக்கே திருப்பி அனுப்பியது. கொன்றவர் நாட்டுக்கே பிழைத்தவர்கள் மீண்டனர்.

அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தியது 1948 ஜூனில். அதுவும் 1945 டிசம்பர் 22க்குப் பின் முகாம் வந்தவர்களை விலக்கியது. கீல்ஸுக்குப் பின் ஓடிவந்தவர்கள் அதனால் வெளியே நின்றனர். 1950இல்தான் அது திருத்தப்பட்டது. அதற்குள் இஸ்ரேல் பிறந்திருந்தது, முகாம்வாசிகள் பெரும்பாலோர் அங்கே சென்றனர். இஸ்ரேலின் பிறப்பையொட்டி நடந்த போரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தனர்.

தன் வீட்டுத் திண்ணையை அடைத்துவிட்டு எதிர்வீட்டு வாசலைக் காட்டுவது அடைக்கலம் ஆகாது. வல்லரசுகள் தத்தம் கதவைக் கொஞ்சம் திறந்திருந்தால், ஒரே சிறு நிலத்தின் மேல் இரு மக்களின் துயரமும் இத்தனை பாரமாக இறங்கியிராது என்றே நான் நம்புகிறேன். பவேரியாவின் ஃபோரன்வால்ட் முகாம் மூடப்பட்டது 1957இல். போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள்: அங்கே பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போகும் அளவு வளர்ந்துவிட்ட காலம் அது.