வேங்கிக்காலில் கடை, லாட்ஜ் வச்சிருக்கீங்களா? கம்ப்யூட்டர் போடும் வரி சரிதானா என்று கண்டுபிடிப்பது எப்படி? அப்பீல் செய்வது எப்படி? முழு விவரம்

திருவண்ணாமலை,

வேங்கிக்கால் என்றால் ஒரு காலத்தில் ஏரியும் வயல்வெளியும்தான். 1989-ம் ஆண்டு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. வேலூர் ரோட்டில் வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகம் அமைந்தது. அதன் பிறகு ஊரே மாறிப்போச்சு. மனு எழுதும் இடம், ஜெராக்ஸ் கடை, டிபன் கடை, மெக்கானிக் ஷெட், மெடிக்கல் ஷாப் என்று வரிசை கட்டி நிற்கின்றன. பவுர்ணமி வந்தால் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் வெளி மாநில பக்தர்கள் கூட்டம் அலை மோதுகிறது. இதனால் வீட்டு மாடியைக் கூட ரூமாக்கி வாடகைக்கு விடுகிறார்கள்.

கடை கூடினால் வரியும் கூடும். அந்த வரியை இப்போது பில் கலெக்டர் நோட்டில் எழுதி போடுவது இல்லை. கம்ப்யூட்டர்தான் போடுகிறது. அது போடும் கணக்கு எப்போதும் சரியாக இருக்குமா? தப்பாக இருந்தால் என்ன செய்வது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஊராட்சியா? மாநகராட்சியா?

திருவண்ணாமலை நகராட்சி 2024-ம் ஆண்டு மாநகராட்சியாக தரம் உயர்த்தப்பட்டது. சுற்றியுள்ள ஊராட்சிகளை அதனுடன் சேர்க்கும் பட்டியலில் வேங்கிக்காலும் இடம் பிடித்தது. ஊராட்சி தலைவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிந்து போனது.

ஊராட்சியில் கட்டுவதற்குப் பெயர் வீட்டு வரி. கடைக்கும் அதே பெயர்தான். 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி இது வசூலிக்கப்படுகிறது. மாநகராட்சி, நகராட்சியில் கட்டுவது சொத்து வரி. இதற்கு 1998-ம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும், 2023-ல் நடைமுறைக்கு வந்த விதிகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் கணக்கு வேறு, ரேட் வேறு, கம்ப்யூட்டரில் இருக்கும் சாப்ட்வேரும் வேறு.

ஊராட்சி வரிகளை ஆன்லைனில் கட்டும் வசதி 2023-ல் தொடங்கப்பட்டது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர் கட்டணம் எல்லாம் அதிலேயே கட்டலாம். நகர்ப்புறங்களுக்கு நகராட்சி நிர்வாகத் துறையின் தனி இணையதளம் உள்ளது. வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் யார் பெயரில் கட்டிடம் இருக்கிறது, எவ்வளவு பாக்கி, எந்த அரையாண்டு வரை கட்டி இருக்கிறது என்று காட்டி விடும். ரசீதையும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கில் இருந்த கட்டிடம் இன்னொரு கணக்குக்கு மாறும்போதுதான் சிக்கல் வரும். பெயரில் எழுத்துப் பிழை, கதவு எண் குழப்பம், கட்டிய பணம் பாக்கியாகவே நிற்பது, வீடு கடையாக ஏறுவது என்று தப்புகள் நுழைந்து விடும். அதனால் பழைய ஊராட்சி ரசீது ஒன்றைக் கூட தூக்கிப் போடக்கூடாது.

கம்ப்யூட்டர் எதைப் பார்த்து வரி போடுகிறது?

நகர்ப்புற வரிக்கு முக்கியமாக சில விஷயங்களைப் பார்க்கிறார்கள். கட்டிடம் எத்தனை சதுர அடி, எந்தத் தெரு, எந்த மண்டலம், குடியிருப்பா வணிகமா தொழிற்கூடமா, கான்கிரீட்டா ஓடா ஷீட்டா, கட்டி எத்தனை வருஷம் ஆச்சு. இதை எல்லாம் தட்டினால் அரையாண்டு வரி வந்து விழும். அதோடு நூலக வரியும் சேரும்.

சாப்ட்வேர் கூட்டல் பெருக்கலில் தப்பு செய்யாது. ஆனால் உள்ளே போட்ட அளவு தப்பு என்றால் வெளியே வரும் வரியும் தப்புதான். 800 சதுர அடியை 1,080 என்று தட்டி விட்டால் மிஷின் கேள்வி கேட்காது. பில் மேலே ஏறி விடும்.

இதில் பெரிய அடி கொடுப்பது பயன்பாடு என்ற ஒரே ஒரு கட்டம்தான். 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது. சென்னை தவிர மற்ற மாநகராட்சி, நகராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு வந்தது. வணிக கட்டிடங்களுக்கு அளவு வித்தியாசமே இல்லாமல் 100 சதவீதம். அதாவது சின்ன டீக்கடைக்கும் டபுள் வரி.

ஒரு சின்ன கணக்கு

கீழே கடை, மேலே 600 சதுர அடி வீடு என்று ஒரு கட்டிடத்தை வைத்துக்கொள்வோம். பழைய அரையாண்டு வரி கடைக்கு ரூ.1,200, வீட்டுக்கு ரூ.800. மொத்தம் ரூ.2,000.

2022 உயர்வுப்படி கடைக்கு 100 சதவீதம் கூடினால் ரூ.2,400. வீட்டுக்கு 25 சதவீதம் கூடினால் ரூ.1,000. ஆக மொத்தம் ரூ.3,400 வரவேண்டும். மாடி வீட்டையும் சேர்த்து முழு கட்டிடமும் வணிகம் என்று ஏறி விட்டால் உயர்வு மட்டுமே பார்த்தாலும் ரூ.4,000. அரையாண்டுக்கு ரூ.600 கூடுதல். வருஷத்துக்கு ரூ.1,200. கவனிக்காமல் 5 வருஷம் விட்டால் ரூ.6,000 கைவிட்டுப் போகும்.

சொத்து வரி கட்டிட உரிமையாளர் பெயரில்தான் வரும். ஆனால் சுமை பல இடங்களில் வாடகைக்கு இருப்பவர் தலையில்தான் இறங்குகிறது. "வரி ஏறிடுச்சு, வாடகையை ஏத்திக்கொடு" என்று உரிமையாளர் கேட்டால் இட்லி கடைக்காரர் எங்கே போவார்? எனவே வாடகைக்கு கடை நடத்துபவரும் வரிவிதிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, பில் உண்மையிலேயே ஏறி இருக்கிறதா என்று செல்போனில் பார்த்துக்கொள்வது நல்லது.

கோவையில் டிரோன் சர்ச்சை

டேப் பிடித்து அளப்பதற்குப் பதில் இப்போது சில ஊர்களில் டிரோன் மூலம் மேலே இருந்து படம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். கோவை மாநகராட்சியில் இப்படி அளந்தபோது வரி தாறுமாறாக கூடுவதாக எதிர்ப்பு கிளம்பி 2024-ல் பெரிய பிரச்சினை ஆனது. மேலே இருந்து பார்த்தால் வெயிலுக்குப் போட்ட ஷீட்டும் தெரியும், கான்கிரீட் கூரையும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று நேரில் வந்து பார்த்தால்தான் தெரியும்.

மதுரையில் நடந்தது என்ன?

சாப்ட்வேர் வந்தால் முறைகேடு நின்று விடும் என்று சொல்லவும் முடியாது. மதுரை மாநகராட்சியில் அதிகாரிகளின் பாஸ்வேர்டை பயன்படுத்தி வணிக கட்டிடங்களின் வரியை குறைத்து விட்டதாக 2024-ல் போலீசில் புகார் செய்யப்பட்டது. 2025-ல் விவகாரம் வெடித்தது. பலர் கைது செய்யப்பட்டனர். ஐகோர்ட்டு மதுரை கிளை உத்தரவுப்படி சிறப்பு குழு விசாரணை நடந்தது. மண்டல தலைவர்கள் ராஜினாமா செய்தனர். அக்டோபர் மாதம் மேயரும் பதவி விலகினார்.

கடைக்காரர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. "ஆபீசில் ஆள் இருக்கு, கம்ப்யூட்டரில் குறைச்சுத் தரேன்" என்று புரோக்கர் யாராவது வந்தால் காசு கொடுத்து ஏமாறக்கூடாது. யார் பெயரில் நுழைந்து எப்போது மாற்றினார்கள் என்பதை சாப்ட்வேரில் தோண்டி எடுக்க முடியும். பிடிபட்டால் குறைத்த வரி மறுபடியும் ஏறும், போலீஸ் விசாரணைக்கும் போகணும். புரோக்கர் கிடைக்க மாட்டார். நேர் வழி அப்பீல்தான்.

அப்பீல் செய்வது எப்படி?

முதலில் கட்டிடத்தை நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். கடை தனியாக, வீடு தனியாக, ஷீட் போட்ட இடம் தனியாக எழுதுங்கள். பில்லில் உள்ள அளவோடு ஒத்துப்பாருங்கள். அதே தெருவில் அதே மாதிரி கடை வைத்திருப்பவரிடம் அவர் பில்லையும் கேட்டுப் பாருங்கள்.

வித்தியாசம் இருந்தால் மாநகராட்சி கமிஷனருக்கு மறுபரிசீலனை மனு கொடுக்கணும். ஊராட்சி வரி என்றால் ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கணும். மனுவோடு பத்திர நகல், கட்டிட அனுமதி வரைபடம், மின் இணைப்பு அட்டை, பழைய வரி ரசீது, தேதியுடன் கட்டிட போட்டோ ஆகியவற்றை வையுங்கள். மாடியில் வீட்டு மின் இணைப்பும் கீழே கடை மின் இணைப்பும் தனித்தனியாக இருந்தால் அதுவே நல்ல சாட்சி.

மனு கொடுத்ததற்கு தேதி, சீல் போட்ட ஒப்புகை வாங்காமல் வரக்கூடாது. நேரில் வந்து அளந்து பார்க்கும்படி மனுவிலேயே கேட்கலாம். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மாநகராட்சி, நகராட்சிகளில் கவுன்சிலர்கள் அடங்கிய வரி மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். கடைசியாக கோர்ட்டு இருக்கிறது. எத்தனை நாளைக்குள் ஆட்சேபம் சொல்லணும் என்பதை நோட்டீசிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே அதில் தேதி எழுதி வையுங்கள். கெடு தப்பினால் நியாயம் இருந்தும் பலன் இல்லை.

எப்படி அளந்தார்கள் என்று தெரியாவிட்டால் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமை சட்டப்படி ரூ.10 கட்டணத்தில் அளவு விவர நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. வேங்கிக்கால்காரர்களுக்கு பஸ் ஏறும் வேலை கூட இல்லை. ஆனால் அங்கே கொடுக்கும் மனு அப்பீல் ஆகாது. அப்பீலை உரிய அலுவலகத்தில் தனியாக கொடுத்தே ஆகணும்.

செல்போனே போதும்

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் இதற்கென்றே தனி சாப்ட்வேர் வாங்கி வைத்திருக்கின்றன. எந்த கட்டிடத்துக்கு எப்போது நோட்டீஸ் வந்தது, அப்பீல் கெடு எப்போது, எவ்வளவு திரும்ப வரணும் என்று அது நினைவுபடுத்தும். அமெரிக்காவில் இது தனி வியாபாரமாகவே நடக்கிறது.

நாலு கடை வாடகைக்கு விடுபவருக்கு அவ்வளவு செலவு தேவை இல்லை. எக்செல் ஷீட் ஒன்று போதும். அதுவும் தெரியாதவர்கள் காலேஜ் படிக்கும் பிள்ளையை போட்டுத் தரச் சொல்லலாம். ஒரு கட்டிடத்துக்கு ஒரு வரி. அதில் வரிவிதிப்பு எண், பெயர், சதுர அடி, பயன்பாடு, அரையாண்டு தொகை, கட்டிய தேதி, ரசீது எண், நோட்டீஸ் வந்த தேதி, அப்பீல் கெடு தேதி ஆகியவை இருக்கணும். ரசீது, நோட்டீஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு செல்போனில் அலாரம் வைத்தால் வேலை முடிந்தது.

சலுகையை விடாதீங்க

நகர்ப்புற சொத்து வரியில் முதல் அரையாண்டு ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. இரண்டாவது அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5 ஆயிரம் வரை ஊக்கத்தொகை உண்டு. தாமதம் ஆனால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி என்று 2023 விதிகள் சொல்கின்றன.

அப்பீல் போட்டு விட்டோம் என்று வரி கட்டாமல் இருந்தால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் ஆபத்து உள்ளது. அதனால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து விட்டு, அப்பீல் முடியும் வரை எவ்வளவு கட்டணும் என்று கேட்டு கட்டி ரசீது வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். கூடுதலாக கட்டியது நிரூபணம் ஆனால் அடுத்த அரையாண்டில் கழித்துக்கொள்ளும்படி கேட்கலாம். 2018-ல் உயர்த்திய வரியை 2019 நவம்பரில் அரசு நிறுத்தி வைத்தபோது, கூடுதலாக கட்டியவர்களுக்கு அடுத்து வரும் வரியில் சரிக்கட்டப்படும் என்றுதான் அறிவித்தது. ரசீது வைத்திருந்தவர்கள் கவலைப்படவில்லை.

இன்றைக்கு கடையை மூடியதும் பழைய வரி ரசீதை எடுத்து சதுர அடி எவ்வளவு போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து விடுங்கள்.