உளவியல் ஆய்வில் சோதனை முறை

உளவியல் ஆய்வில் சோதனை முறை என்பது, ஆய்வாளர் ஒரு காரணியைத் தாமே மாற்றி, பிற காரணிகளை இயன்றவரை மாறாமல் வைத்து, அம்மாற்றத்தால் மனிதரின் நடத்தையிலோ உளச் செயற்பாட்டிலோ ஏற்படும் விளைவை அளக்கும் முறையாகும். மாற்றப்படும் காரணி சாரா மாறி எனவும், அளக்கப்படும் விளைவு சார்ந்த மாறி எனவும் அழைக்கப்படும். உற்றுநோக்கல், நேர்காணல், கருத்துக்கணிப்பு ஆகியவை இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதைக் காட்டவல்லவை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா என்பதை அறியச் சோதனையே வலுவான முறையாகக் கருதப்படுகிறது. எனினும் வறுமை போன்ற பெரிய காரணிகளை எவரும் சோதனைக்காக உண்டாக்க இயலாது. தமிழ்நாட்டில் நடைபெற்ற சில ஆய்வுகள் இம்முறையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே விளக்குகின்றன.

வரலாறு

வில்லெம் வூண்ட் 1879 ஆம் ஆண்டில் செருமனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் நிறுவிய ஆய்வுக்கூடம் சோதனை உளவியலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் 1916 இல் கல்கத்தா பல்கலைக்கழகத்திலும், 1943 இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் தொடங்கப்பட்டன.

சமவாய்ப்பு ஒதுக்கீடு

பங்கேற்பாளர்களைக் குலுக்கல் போன்ற முறையில் குழுக்களாகப் பிரிப்பதே இம்முறையின் உயிர்நாடி. அவ்வாறு பிரிக்கும்போது கல்வி, வயது, உடல்நலம் முதலிய வேறுபாடுகள், ஆய்வாளர் அறியாதவை உட்பட, எல்லாக் குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும். எனவே இறுதியில் காணப்படும் வேறுபாட்டை மாற்றப்பட்ட காரணியின் விளைவாகக் கொள்ள முடிகிறது.

டான் ஏரியலி முதலிய நால்வர் மதுரைப் பகுதிச் சிற்றூர்களில் நடத்தி, 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் 87 பேர் நினைவாற்றலும் கைத்திறனும் தேவைப்படும் ஆறு விளையாட்டுகளை ஆடினர். ஒவ்வொரு விளையாட்டிலும் வென்றால் கிடைக்கும் உச்சப் பரிசு ஒரு குழுவுக்கு 4 ரூபாய், அடுத்ததற்கு 40 ரூபாய், மூன்றாவதற்கு 400 ரூபாய். கடைசித் தொகை அக்காலத்தில் அப்பகுதியில் ஒருவரின் மாதச் செலவை நெருங்குவதாக இருந்தது. மிகுந்த பரிசு எதிர்பார்த்த குழுவே மிகவும் மோசமாக ஆடியது. பணம் கூடினால் திறனும் கூடும் என்னும் பொதுநம்பிக்கையை வெறும் கருத்துக்கணிப்பால் இவ்வாறு மறுத்திருக்க முடியாது. அதே வேளையில், ஒரே ஊரில் ஒருவருக்கு 4 ரூபாயும் இன்னொருவருக்கு 400 ரூபாயும் குலுக்கலால் அமைவது முறையா என்னும் அறக்கேள்வியும் இதில் அடங்கியுள்ளது.

கரும்பு உழவர் ஆய்வு

வறுமை மனிதரின் சிந்தனைத் திறனைக் குறைக்கிறதா என்பதை அறிய, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் சபீர், ஜியாயிங் சாவோ ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 சிறு கரும்பு உழவர்களை ஆராய்ந்தனர். திருவண்ணாமலை மாவட்டம், ஜோலார்பேட்டை அமைந்துள்ள திருப்பத்தூர் மாவட்டத்தை ஒட்டியது. முடிவுகள் 2013 இல் சயன்சு இதழில் வெளிவந்தன.

எவரையும் குலுக்கலால் ஏழையாக்க முடியாது. ஆனால் கரும்பு உழவருக்கு வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டுக்குப் பின்னரே கிடைப்பதால், ஒரே மனிதர் வெட்டுக்கு முன் பணமுடையிலும் பின் வசதியிலும் இருக்கிறார். வெட்டுக்கு முன் 99 விழுக்காட்டினருக்குக் கடன் இருந்தது. பின்னர் 13 விழுக்காட்டினருக்கே இருந்தது. அடகு வைத்தோர் 78 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைந்தனர். ரேவன் உருவத் தேர்வில் பத்துக்குச் சராசரியாக 4.35 ஆக இருந்த மதிப்பெண் வெட்டுக்குப் பின் 5.45 ஆக உயர்ந்தது.

இதனைக் கண்டிப்பான பொருளில் சோதனை எனல் பொருந்தாது. இயற்கையாக அமைந்த மாற்றத்தைப் பயன்படுத்திய ஒப்பீடு எனலாம். ஆகவே ஐயங்கள் பல எழுந்தன. இரண்டாம் முறை தேர்வு எழுதியதால் பழக்கம் வந்ததா? அதற்காகச் சிலரை வெட்டுக்குப் பின் மட்டும் முதன்முறையாகச் சோதித்தனர். பருவமோ திருவிழாவோ காரணமா? ஆலைகள் வெட்டு நாள்களைப் பல மாதங்களுக்குப் பரப்பி ஒதுக்குவதால், ஒரே மாதத்தில் சிலர் வெட்டுக்கு முன்னும் சிலர் பின்னும் இருந்தனர். உணவு, உடலுழைப்பு, மன அழுத்தம் ஆகியவையும் கணக்கில் கொள்ளப்பட்டன. இத்தனை கவனத்திற்குப் பின்னும், அளக்கப்படாத ஏதோ ஒன்று மாறியிருக்கலாம் என்னும் வாய்ப்பு முற்றிலும் நீங்குவதில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இத்தகைய சோதனை நடத்திய 2016 ஆம் ஆண்டு ஆய்வில் சிந்தனைத் திறனில் வேறுபாடு காணப்படவில்லை. சில நாள் பணமுடையும் பல மாதக் கடனும் ஒன்றா என்பது விவாதத்திற்குரியது.

ஒடிசாவில் தையல் இலை செய்யும் தொழிலாளரிடம் நடத்தப்பட்டு 2021 இல் அறிக்கையாக வெளிவந்த ஆய்வு வேறு வழியை நாடியது. வறுமையைக் குலுக்காமல், கூலி கொடுக்கும் நாளை மட்டும் குலுக்கலால் முடிவு செய்தனர். முன்கூட்டியே கூலி பெற்றவர்களின் உற்பத்தி சுமார் 7 விழுக்காடு உயர்ந்தது. கவனப் பிழைகளும் குறைந்தன.

பணியிடங்களில் சோதனை

ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் கட்டுப்பாடு பணியிடத்தில் கிடைப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டைப் பகுதியின் காலணித் தொழிற்சாலை ஒன்றில், ஒரு தையல் வரிசைக்கு மட்டும் கூடுதல் ஓய்வு தந்து பிழைகளை எண்ணுவதாகக் கொள்வோம். இரு வரிசையினரும் ஒரே வண்டியில் ஊர் திரும்புபவர்கள். ஓய்வு கிடைக்காதோர் மனம் சலித்து வேலையைக் குறைத்தால், அளக்கப்படுவது ஓய்வின் பயனன்று, ஏமாற்றத்தின் விளைவேயாகும். தாம் கவனிக்கப்படுகிறோம் என்பதை அறிந்தவர் மேலாளருக்காக வேகமாகத் தைப்பதும் உண்டு. தோல் பதனிடும் வேதிப்பொருள்கள் நினைவாற்றலைப் பாதிக்கின்றனவா என்னும் கேள்விக்கோ சோதனையே கூடாது. தீங்கிழைக்கக்கூடிய பொருளுக்கு எவரையும் ஆய்வுக்காக உட்படுத்துவது அறத்திற்கு முரணானது. அங்கு உற்றுநோக்கல் ஆய்வுகளையே நம்ப வேண்டியுள்ளது.

இயன்ற இடங்களில் கள ஆய்வுகள் வியப்பான முடிவுகளைத் தந்துள்ளன. சென்னையில் 452 பேருக்குத் தரவுப் பதிவு வேலை கொடுத்து, 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூட்டப்பட்டது. வல்லுநர்கள் பெரும் பயனை எதிர்பார்த்திருந்தும் உற்பத்தித் திறனில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பணியிடத்தில் பகலில் அளித்த சிறுதூக்கமே பயன் தந்தது.

பொதுமைப்படுத்தலும் மீளாய்வும்

உளவியல் சோதனைகளில் பெரும்பாலானவை மேலை நாட்டுக் கல்லூரி மாணவர்களைக் கொண்டே நடத்தப்பட்டதை சோசப் என்ரிச் முதலியோர் 2010 இல் சுட்டிக்காட்டினர். 2015 இல் வெளியான கூட்டு முயற்சி ஒன்றில், முன்னர் பதிப்பிக்கப்பட்ட 100 உளவியல் ஆய்வுகள் மீண்டும் செய்யப்பட்டன. புள்ளியியல் அடிப்படையில் முக்கியத்துவம் வாய்ந்த முடிவு அவற்றுள் 36 விழுக்காட்டில் மட்டுமே மீண்டும் கிடைத்தது. சிறிய மாதிரிகளும், சாதகமான முடிவுகளையே இதழ்கள் விரும்பிப் பதிப்பித்ததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இதனால் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கும் முன்பே பொதுவில் பதிவு செய்யும் வழக்கம் பரவியுள்ளது.