முதுகிலிருந்து வரவில்லை முதுவான்

மூணாறு மலைகளில் வாழும் முதுவான் பழங்குடிக்கு, முதுகில் சுமந்ததால் அந்தப் பெயராம். மதுரை எரிந்தபோது மீனாட்சியம்மன் சிலையை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி வந்த கூட்டமாம். மூணாறு பக்கம் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்து எழுதுகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் இதை எழுதிவிடுகிறார்கள். சிலர் அம்மனை இறக்கிவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிவைப்பார்கள். முதுகு மட்டும் மாறுவதில்லை.

முதலில் கதையைப் பார்ப்போம். சிலம்பில் மதுரை எரிகிறபோது கண்ணகியின் பின்னால் வந்து நின்று பேசுகிற தெய்வம் மதுராபதி. மீனாட்சி என்ற பெயரே அந்தக் காப்பியத்தில் கிடையாது. சிலம்பின் தீயையும் பிற்கால மதுரையின் அம்மனையும் ஒன்றாக முடிந்து ஒரு குடியின் முதுகில் ஏற்றியவர் யாரோ, சாமர்த்தியசாலிதான். மதுரையிலிருந்து வந்தோம் என்று அம்மக்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சே அதற்குச் சாட்சி. எழுத்தில்லாத அந்தப் பேச்சைத் தமிழர் எவரும் சற்று நேரத்தில் பின்தொடர்ந்துவிடலாம். ஊரிலிருந்து வந்தது வேறு, பெயர் வந்தது வேறு.

இனிச் சொல். முதுகிலிருந்து ஆட்பெயர் பிறந்திருந்தால் முதுகன் என்றிருக்க வேண்டும். ககரம் வகரமாகாதா, பாகற்காய் பாவக்காய் ஆகவில்லையா என்பார்கள். ஆயிற்று. ஆனால் முதுகு எங்கே முதுவு ஆயிற்று? தமிழில் முதுகு முதுகாகவே இருக்கிறது, மலையாளத்திலும் அப்படியே. உறுப்பின் பெயர் அசையாமல் நிற்க, அதிலிருந்து பிறந்ததாகச் சொல்லும் ஆட்பெயர் மட்டும் எப்படித் தேய்ந்தது?

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் பாலக்காட்டு அட்டப்பாடியின் முடுகர். முதுவர், முடுகர் இரண்டும் ஒன்று, ஆகவே ககரமே பழையது என்பது வாதம். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இரண்டு பெயரும் ஒரே தலைப்பின்கீழ்தான் கிடக்கின்றன. அரசின் பழங்குடிப் பட்டியலிலும் பக்கத்தில் பக்கத்தில். காரணம் எளிது. ஆங்கில எழுத்துக்குத் தகரமும் டகரமும் ஒன்று. நமக்கு அப்படியல்ல, பதமும் படமும் ஒன்றென்று யாராவது சொல்வோமா? அட்டப்பாடிக்காரரின் பெயரில் நாக்கு மடிகிறது, இடுக்கி முதுவரின் பெயரில் பல்லைத் தொடுகிறது. எழுத்துக் குறையால் விளைந்த உறவை ரத்த உறவாக்கிவிட்டார்கள்.

முதுவர் என்ற சொல்லைத் தேடி மலையேற வேண்டியதில்லை. 715ஆம் குறளில் முழுதாக இருக்கிறது. மூத்தோர், அறிவில் முதிர்ந்தோர் என்று உரைகாரர்கள் பொருள் சொல்லிவிட்டார்கள். புறநானூற்றில் முதுவாய் இரவலன் இருக்கிறான். மூதூர், மூதில், முதுபெண்டு, முதுகாடு என்று இந்த முது நுழையாத இடம் பழம்பாட்டில் குறைவு. முன்னே வந்தவர், மூத்த கூட்டத்தார்: முதுவர். மதுரையிலிருந்து வந்தவர்கள் அந்தக் காட்டுக்குத் தாங்களே மூத்தவர்கள் என்று வைத்துக்கொண்ட பெயர் என்றே கொள்கிறேன். பெண்கள் பிள்ளையை முதுகில் துணியால் கட்டிச் சுமப்பதைக் கண்ட வெளியூர்க்காரர், கண்ணில் பட்டதைக் காதில் விழுந்ததோடு ஒட்டிவிட்டார். பாண்டவர் மறைந்திருந்ததால் மறையூர் என்று பக்கத்து ஊருக்குச் சொல்வதும் இதே கைவரிசைதான்.

இப்போது இவர்களுடைய ஊருக்கு வருவோம். இடமலைக்குடி. மூணாறு ஊராட்சியிலிருந்து பிரித்து 2010 நவம்பர் 1 அன்று கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக்கப்பட்ட இடம். பத்திரிகைகளுக்கு அது ‘காட்டுத் தீவு’. பெட்டிமுடி வரைக்கும்தான் தேயிலை. அதற்கப்பால் காடு, இறக்கம், யானை. 2020 ஆகஸ்டில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார் எழுபது பேரை மண் விழுங்கியதே, அந்தப் பெட்டிமுடி. வடக்கே வால்பாறை மலை. கொரோனா வந்தபோது வெளியாளை உள்ளே விடாமல் ஊரே கதவடைத்தது. 2021 ஜூலையில்தான் முதல் நோயாளி. தீவு என்று பெயர் வைத்ததில் தப்பில்லை. ஆனால் தீவு வடசொல் வழி வந்தது. ஆற்றுக்குள் நிற்கும் நிலத்துக்கு நம்மிடம் துருத்தி இருந்தது, திருத்துருத்தியும் திருப்பூந்துருத்தியும் சாட்சி, அரங்கம் இருந்தது, ஆற்றிடைக்குறை இருந்தது. ஆற்றுக்கு இடையே இடைக்குறை என்றால், மலைக்கு இடையே? இடைமலை. ஐகாரம் மலையாளத்தில் அகரமாகும்: மலை மல, தலை தல, இடை இட. பேச்சில் இகரம் எகரமாகச் சாய்வதால் ஆங்கிலப் பலகையில் எடமலை. வலம் இடம் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்போர் எந்தப் பக்கம் திரும்பி நின்று பார்த்தார்கள் என்பதையும் சொல்லட்டும்.

குடிதான் எனக்கு முக்கியம். இடமலைக்குடி ஓர் ஊரல்ல. காட்டில் ஆங்காங்கே கிடக்கும் இருபதுக்கும் மேற்பட்ட குடிகள். மீன்குத்திக்குடி, நூறடிக்குடி, ஆண்டவன்குடி, ஷெட்டுக்குடி. ஊராட்சியின் நடுவிடம் சொசைட்டிக்குடி. கூட்டுறவு சொசைட்டி கொடுத்த பெயர். முன்னால் எது வந்து ஒட்டினாலும் பின்னால் குடி அசையவில்லை. ஒவ்வொரு குடிக்கும் ஒரு காணி. நமக்குக் காணி நிலம், அவர்களுக்குத் தலைவன். இளைஞர் படுக்கச் சாவடி உண்டு. மாதவிலக்கில் பெண்கள் ஒதுங்கும் இடம் வாலாய்மைப்புரை. வாலாமை என்றால் நம் அகராதியில் தூய்மையின்மை, வால் தூய்மை, இரண்டாம் குறளின் வாலறிவனில் உள்ள அதே வால். நாம் தீட்டு என்று சொல்லத் தொடங்கிக் கைவிட்ட சொல்லை அவர்கள் விடவில்லை. அந்த வழக்கம் தொடர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். சொல்லை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இவர்களுடைய கூட்டத்துக்கும் தலைவனுக்கும் அரசு வைத்திருக்கும் பெயர் ஊருக்கூட்டம், ஊருமூப்பன். இவை அட்டப்பாடிச் சொற்கள். அங்கே குடியிருப்பின் பெயர் ஊர். மூப்பன், குறுதலை, பண்டாரி, மண்ணூக்காரன் என்று ஊருக்கு நாலு பொறுப்பாளர். கட்டப்பனை அருகே கோவில்மலை மன்னான் பழங்குடிக்கு அரசனே உண்டு. மூன்றும் மூன்று ஏற்பாடு. சட்டமோ எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் கேரளத்தில் அறிவிக்கப்படவில்லை, ஆகவே இடமலைக்குடியும் 1994ஆம் ஆண்டின் பொது ஊராட்சிச் சட்டத்தின்கீழ்தான். தன்னாட்சித் தீவு என்று எழுதுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எழுதலாம்.

குடி என்றால் குடிசை, பிறகு குடும்பம், பிறகு குலம் என்று வரிசை போடுவார்கள். சொல்லாய்வாளர் பாவாணர் வழியினர் குடம், குடை, குடல், குடா எல்லாவற்றையும் கொண்டுவந்து வளைவு காட்டுவார்கள். குடிலுக்கும், 338ஆம் குறளின் குடம்பைக்கும் அந்த வளைவு பொருந்தலாம். குடிக்குப் பொருந்தாது. குடிபோகிறோம், குடியேறுகிறோம், குடிபெயர்கிறோம். குடி பெயர்கிறது, வீடு அங்கேயே நிற்கிறது. கட்டடத்தின் பெயராக இருந்தால் இந்த வினைகள் எப்படிப் பிறந்திருக்கும்? 335ஆம் புறப்பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடி எண்ணுகிறார். அங்கே எண்ணப்படுவது ஆட்கள், கூரைகள் அல்ல. மேடைக்கு மேடை கல்லையும் மண்ணையும் இழுக்கிறார்களே, ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்ற அந்தப் புறப்பொருள் வெண்பாமாலைப் பாட்டின் துறையே குடிநிலை. திருக்குறளின் குடிமையிலும் குடிசெயல்வகையிலும் ஓலைக்கூரை எங்கே?

955ஆம் குறளில் பழங்குடி வருகிறது. அங்கே அது வறுமையிலும் பண்பு குறையாத தொல்குடும்பம். இன்றைக்கு அலுவலகச் சான்றிதழில் எழுதும் பழங்குடியை அந்தக் குறளின் பொருளில் வாசிக்கிற அதிகாரி யாரும் இருக்கிறாரா? முதுவர், பழங்குடி: இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

2014இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய கட்டுரையில் இந்தக் காட்டுக்குள் ஒரு டீக்கடை வருகிறது. கடையோடு ஒரு நூலகம், 160 புத்தகம், அதில் சிலப்பதிகாரமும் உண்டு. மீனாட்சியை முதுகில் ஏற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பிரதியை இரவல் வாங்கி மதுரைக் காண்டத்தைப் புரட்டியிருக்கலாம்.

புனம் எரித்து விதைத்த காலத்தில் நிலம் சலித்ததும் ஈற்றை மூங்கில் கூரையை விட்டுவிட்டு வேறிடம் போனவர்கள் முதுவர்கள். விட்டுவிட்டுப் போனது வீடு. வீடு என்ற சொல்லே விடு என்பதிலிருந்துதான். கூடப் போனது குடி. சேர்ந்து முடிவெடுத்துச் சேர்ந்து நடக்கிற கூட்டமே குடியின் முதற்பொருள், கூரை பிறகு வந்தது என்பதே என் துணிபு. மறுப்பவர்கள் புறம் 335க்கு விடை சொல்லிவிட்டு வரட்டும்.