ஏழு மாதச் சம்பளம்

பழைய விலைகளைப் பேசுவதில் மனிதர்களுக்கு ஒரு தனி ருசி உண்டு. நம் வீட்டுப் பாட்டிமார்கள் பவுன் பதின்மூன்று ரூபாய்க்கு விற்ற கதையை ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார்கள். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் உள்ள மோட்டார்ப் பித்தர்களுக்கும் இப்படி ஒரு பவுன் கதை இருக்கிறது. நாலு பேர் கூடிவிட்டால் போதும். 13,850 மார்க் என்பார் ஒருவர். 6,295 பவுண்டு என்பார் இன்னொருவர். உடனே எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

முதல் தொகை, 1976-ம் ஆண்டு வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. காரின் விலை. இரண்டாவது, 1984-ல் இங்கிலாந்தில் பெஜோ 205 ஜி.டி.ஐ. விற்ற விலை. இரண்டும் ஹாட்ச்பேக் ஜாதி. அதாவது, பின்புறம் முழுவதும் கண்ணாடியோடு ஒரே கதவாக மேலே தூக்கித் திறக்கிற சிறிய கார். காய்கறிப் பையையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சுமக்கிற சாதுப் பிராணி அது. அதன் வயிற்றில் கொஞ்சம் அதிகமாக நெருப்பை வைத்துவிட்டால் 'ஹாட் ஹாட்ச்' என்று பெயர். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்கிறோம் அல்லவா?

இந்தக் கோல்ஃப் பிறந்த கதையைக் கேளுங்கள். நான் கதை எழுதுகிறவன். இயந்திரத்தைவிட இந்தச் சங்கதிதான் என்னைக் கவர்கிறது. 1973 மார்ச் மாதத்தில் ஆல்ஃபோன்ஸ் லோவன்பெர்க் என்ற என்ஜினீயர் தம் கம்பெனிச் சகாக்கள் சிலருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். 'நாம் ஏன் வேகமான சின்னக் கார் ஒன்று செய்யக்கூடாது?' என்பது சாராம்சம். அநேகமாக எல்லோரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலமும் நல்ல காலம் அல்ல. அந்த வருஷக் கடைசியில் எண்ணெய் நெருக்கடி வந்து, ஜெர்மனியில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதையே சர்க்கார் தடை செய்தது. 1974-ல் வோக்ஸ்வேகனுக்கு 80 கோடி மார்க்குக்கு மேல் நஷ்டம். வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாதபோது பட்டாசு வாங்கலாமா என்று கேட்டால் யார்தான் காது கொடுப்பார்கள்?

ஆனால் நாலைந்து பேர் விடவில்லை. பத்திரிகைத் தொடர்பு அதிகாரி ஆன்டன் கோன்ராட்டின் வீட்டில் கூடிப் பேசினார்கள். மேலிடத்துக்குத் தெரியாமல் சோதனை வண்டி தயாராயிற்று. முறையான அனுமதி 1975-ல்தான் கிடைத்தது. அந்தச் செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காரை வைத்தார்கள். 5,000 வண்டி விற்றால் போதும், போட்ட முதல் தேறும் என்பது கணக்கு. விற்றதோ, முதல் தலைமுறையில் மட்டும், நாலரை லட்சத்துக்கு மேல்!

அப்படி என்ன இருந்தது அதில்? சாதாரணக் கோல்ஃபில் 50 குதிரை சக்தி. இதில் 1,588 சி.சி. என்ஜின்; கார்புரேட்டரை எடுத்துவிட்டுப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் சாதனத்தை வைத்து 110 குதிரை சக்தி வரவழைத்தார்கள். கனமோ 810 கிலோதான். இவ்வளவு லேசான உடம்புக்கு அது அசுர பலம். மணிக்கு 182 கிலோமீட்டர் ஓடியது. ஜெர்மன் நெடுஞ்சாலையின் இடது ஓரம் பணக்காரர்களின் பெரிய கார்களுக்கே பட்டா போட்டுக் கொடுத்தது போல் இருந்த காலம். அவர்களுடைய கண்ணாடியில் திடீரென்று சிவப்புக் கோடு கட்டிய ஒரு சின்னப் பெட்டி வந்து நின்று வழி கேட்டது. உள்ளே கட்டம் போட்ட ஸ்காட்லாந்துத் துணியில் ஆசனம். கியர் கம்பியின் தலையில் ஒரு கோல்ஃப் பந்து. இரண்டும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணியின் யோசனை. அவர் அதற்கு முன் பீங்கானில் சித்திரம் எழுதியவர். அந்தப் பந்தை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. என்ஜினீயர் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

இப்போது விலைக்கு வருவோம். 1976-ல் ஜெர்மனியில் சராசரி ஆண்டுச் சம்பளம் சுமார் 23,300 மார்க். ஆகவே 13,850 மார்க் என்பது ஏறக்குறைய ஏழு மாதச் சம்பளம். அற்பத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரோ பட்டறைத் தொழிலாளியோ கொஞ்சம் கடன் வாங்கி, கொஞ்சம் வயிற்றைக் கட்டி எட்டிப் பிடிக்கக்கூடிய தொகை. பித்தர்களின் பெருமூச்சுக்கு அர்த்தம் அதுதான். 2024-ல் அதே பெயருள்ள கார் ஜெர்மனியில் 40,000 யூரோவைத் தாண்டிவிட்டது; கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம். புதியதில் 265 குதிரை சக்தி, உயிர் காக்கும் காற்றுப் பைகள், இன்னும் என்னென்னவோ உண்டு, வாஸ்தவம். கனமும் 1,400 கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது.

பெஜோவின் கதையில் விலை மட்டும் வில்லன் அல்ல. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னே சாய்ந்து, பின் சக்கரங்கள் பிடிப்பை இழந்து, வால் சுழன்றுவிடும். பலர் அந்த வண்டியை வேலியில் கொண்டுபோய் மோதினார்கள். அதைவிட மோசம், திருட்டு. 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கிலாந்தில் வாலிபர்கள் இந்த மாதிரிக் கார்களைத் திருடி, இரவெல்லாம் தெருவில் பறந்துவிட்டு எங்காவது போட்டுவிட்டுப் போனார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின, ஏற்றின, அப்படி ஏற்றின! காரை வாங்கப் பணம் சேர்த்த இளைஞனுக்கு இன்ஷூரன்ஸ் கட்ட முடியவில்லை. விற்றான். இப்போது நரைத்த தலையோடு, அன்று விற்றதைப்போல் பல மடங்கு கொடுத்து அதே காரைத் தேடி அலைகிறான்.

ஆஸ்திரியாவில் வோர்த்தர் ஏரிக்கரையில் ரைஃப்னிட்ஸ் என்று ஒரு சிற்றூர். 1982 முதல் கோல்ஃப் பித்தர்கள் வருஷா வருஷம் அங்கே திருவிழாப்போலக் கூடினார்கள். நம் ஊர் எல்லையில் அய்யனாருக்குக் குதிரை நிறுத்துவதுபோல, 1987-ல் கருங்கல்லில் முழு உருவக் கோல்ஃப் ஜி.டி.ஐ. ஒன்றைச் செதுக்கி அங்கே நிறுத்தினார்கள். கூட்டம் பெருகிற்று, புகையும் டயர் கிறீச்சிடும் சப்தமும் பெருகின. சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி, 2023-ல் ஊராட்சிக்காரர்கள் இனி இந்தத் திருவிழா வேண்டாம் என்று தீர்மானம் செய்துவிட்டார்கள்.