கடிதமும் உறையும்: தொடர்பின் அந்தரங்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1844ஆம் ஆண்டின் முற்பகுதியில், இலண்டனில் அகதியாக வாழ்ந்த இத்தாலியத் தேசியவாதியான மாஜினி, தமக்கு வரும் கடிதங்கள் வழியிற் பிரித்துப் படிக்கப்படுகின்றன என ஐயுற்றார். ஐயத்தைத் தெளிய அவர் கையாண்ட முறை எளியது. கடித உறைகளுள் கசகசா விதைகளையும் மயிரிழைகளையும் மணலையும் இட்டு அனுப்புமாறு நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். உறைகள் முத்திரை குலையாமலே வந்து சேர்ந்தன. உள்ளிட்ட விதைகள் வந்து சேரவில்லை.

அவ்வாண்டு யூன் மாதத்தில் தோமஸ் டன்கம் என்னும் உறுப்பினர் இவ்விடயத்தை மனு வாயிலாகப் பாராளுமன்றத்தில் எழுப்பினார். உள்நாட்டு அமைச்சர் சேர் ஜேம்ஸ் கிரகம், கடிதங்களைப் பிரிக்கத் தாம் ஆணை பிறப்பித்ததை மறுத்தாரல்லர். விபரம் கூறவே மறுத்தார். எழுந்த கொந்தளிப்புக்குக் காரணம் ஒன்றுண்டு. 1840ஆம் ஆண்டிலேதான் ஒரு பென்னிக் கட்டணத் தபால்முறை இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதுவரை வசதியுடையோர்க்கே எளிதாயிருந்த கடிதத் தொடர்பு எளியோரது கைக்கும் எட்டியிருந்தது. எனவே மாஜினிக்கு நேர்ந்ததைத் தமக்கு நேரக்கூடியதாகவே பலரும் கருதினர். ‘பஞ்ச்’ என்னும் நகைச்சுவை ஏடு கிரகமை எள்ளிக் கடிதவொட்டுகளையே வெளியிட்டது. ஈரவைகளும் இரகசியக் குழுக்களை அமைத்து விசாரித்தன. தபால் திணைக்களத்தின் இரகசியப் பிரிவும் சங்கேத எழுத்துகளை விடுவிக்கும் பிரிவும் அவ்வாண்டிலேயே கலைக்கப்பட்டன. ஆணை பிறப்பிக்கும் அதிகாரமோ அமைச்சரிடமே தங்கிற்று.

இவ்விசாரணையில் வெளிப்பட்ட செய்தியொன்று மனங்கொள்ளத்தக்கது. கடிதங்களிற் கண்ட தகவல் வேற்றரசொன்றுக்கு அறிவிக்கப்பட்டது உண்மையே, ஆயினும் தனியாட்களுக்கு ஊறு விளைவிக்கும் பெயரோ விபரமோ அதிற் சேர்க்கப்படவில்லை எனச் சமாதானம் கூறப்பட்டது. அவ்வாண்டு யூலையில் கலாபிரியாவிற் சுட்டுக்கொல்லப்பட்ட பண்டியேரா சகோதரர்களின் நண்பர்கள் அதனை ஏற்றனரல்லர். எவ்வாறாயினும், ஆபத்து இருந்தது கடிதத்தின் வாசகத்தில் மட்டுமன்று, யார் யாருக்கு எழுதினர் என்பதிலுமாகும் என்பதை இச்சமாதானமே ஒப்புக்கொள்கின்றது.

எழுதியதை மறைத்தல் ஒன்று. எழுதியமையை மறைத்தல் வேறொன்று. இவ்விரண்டையும் சட்டம் வெவ்வேறாகப் பிரித்த இடம் ஐக்கிய அமெரிக்காவாகும். முத்திரையிட்ட கடிதம், அனுப்புவோரது வீட்டிலேயே இருப்பது போலக் காக்கப்பட வேண்டும் என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1878இல் தீர்ப்பளித்தது; ஆனால் அதன் புறத்தோற்றத்துக்கும் நிறைக்கும் அக்காப்பினை அளிக்கவில்லை. உறையின் மேல் எழுதப்பட்ட பெயரை எவரும் காணலாமன்றோ? நியாயம் எளிதாகவே தோன்றிற்று. 1979இல் அதே நீதிமன்றம், ஒருவர் சுழற்றும் தொலைபேசி எண்களை அவர் தாமாகவே தொலைபேசி நிறுவனத்துக்கு அறிவிப்பதால், பிடியாணையின்றிப் பொலிசார் அவற்றைப் பெறலாம் என்றது. அத்தீர்ப்புக்குரிய வழக்கில் கண்காணிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களோ கோடிக்கணக்கானோரின் அழைப்புப் பதிவுகள் நாள்தோறும் திரட்டப்பட்டதைக் காட்டின. ஓர் உறையைப் பார்ப்பதும் ஒரு நாட்டின் உறைகள் அனைத்தையும் அடுக்கி வைப்பதும் ஒரே செயலெனக் கொள்ளுதல் பொருந்தாது என்பதே என் துணிபு.

இப்பின்னணியிலேயே இன்றைய மறைகுறியாக்கச் செயலிகளை நோக்குதல் வேண்டும். 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட பொதுத்திறவு முறை, முன்னர் சந்தித்தறியாத இருவரும் இரகசியமாக எழுதிக்கொள்ள வழிவகுத்தது. 1991இல் சிமர்மன் அதனைத் தனியாட்களின் கணினிக்குக் கொண்டுவந்து, ஏற்றுமதிச் சட்டத்தின் பேரில் விசாரணைக்கும் உள்ளானார். 2016 ஏப்ரிலில் வாட்ஸ்அப் நூறு கோடி பாவனையாளருக்கு அவ்வசதியை அளித்தது. மாஜினியின் கசகசா விதை இனி வேண்டியதில்லை எனலாம்.

ஆயினும் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே அந்நிறுவனம், பாவனையாளரின் தொலைபேசி எண் முதலிய விபரங்களைத் தன் தாய் நிறுவனமான ஃபேஸ்புக்குடன் பகிரப்போவதாக அறிவித்தது. கடிதம் பூட்டப்பட்டது, உறை கைமாறிற்று. முகிற்கணினியிற் சேமிக்கப்பட்ட பிரதிகளுக்கும் 2021வரை அப்பூட்டு இருக்கவில்லை. சிக்னல் செயலியின் போக்கு வேறு. 2016இல் அமெரிக்க நீதிமன்றக் கட்டளையொன்று தகவல் கோரியபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் இறுதியாக இணைந்த நாளையும் தவிர அதனிடம் கொடுப்பதற்கு ஏதுமிருக்கவில்லை. அப்படியாயின் எல்லோரும் அதற்கே மாறிவிடலாமே எனின், தடை வேறிடத்திலுள்ளது. எத்தபாற்கந்தோரில் இட்ட கடிதமும் எவ்வூருக்கும் செல்லும். செயலியிலோ எழுதுவோரும் பெறுவோரும் பொதுவாக ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளராதல் வேண்டும். தம் சுற்றம் முழுவதையும் அழைத்துச் செல்ல இயலாதவர் பழைய இடத்திலேயே தங்கிவிடுகின்றனர்.

பூட்டுக்கும் ஒரு விலையுண்டு. மூடிய குழுக்களிற் பரவும் வதந்தியை வெளியார் கண்டு மறுக்க இயலாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல்கள் நிகழ்ந்தபோது, இலங்கை அரசு ஃபேஸ்புக்கோடு வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றையும் பல நாட்கள் முடக்கிற்று. பையைப் பிரிக்க இயலாத அரசு தபால் வண்டியையே நிறுத்தியது. வதந்தியோடு, உறவினரின் நலம் விசாரித்த செய்திகளும் நின்றன. 2019 ஏப்ரிற் குண்டுவெடிப்புகளின் பின்னரும் இதுவே நிகழ்ந்தது. அவ்வாண்டு சனவரியிலோ வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐவருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் அனுப்ப இயலாதவாறு உலகெங்கும் வரையறை செய்திருந்தது. எவருடைய கடிதத்தையும் படியாமலே இதனைச் செய்ய முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது.

2024 முதல் சிக்னலிற் பிறர்க்குத் தொலைபேசி எண்ணைக் காட்டாது புனைபெயரால் உரையாடலாம். கணக்கைத் தொடங்குவதற்கு மட்டும் தொலைபேசி எண் வேண்டப்படுகின்றது. இலங்கையரது எண்ணோ, பெரும்பாலும், தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு சேர்த்தே பதியப்பட்டிருக்கின்றது.