‘ஃப்ரீ விசா’: ஒரு சொல்லும் அதன் பின்னுள்ள சட்டமும்

வளைகுடா வேலைக்குச் செல்வோரிடையே புழங்கும் ‘ஃப்ரீ விசா’ என்னும் சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. அங்குள்ள கஃபீல் ஒருவர் பெயரளவில் வேலை தருவதாகக் கையெழுத்திடுவார். வந்தவர் வெளியே வேலை தேடிக்கொள்வார். அது இலவசமும் அன்று, சுதந்திரமும் அன்று. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. இந்த விலை எங்கிருந்து வந்தது?

ஒப்பந்தக் கூலிமுறையின் கொடுமைகளுக்குப் பின் 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. வளைகுடாப் பெருக்கத்தை ஒட்டி வந்த 1983ஆம் ஆண்டின் சட்டமோ, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியின்றி வேலைக்குச் செல்லலாகாது என்றது. படித்தோருக்கு விலக்குக் கிடைத்தது. இன்று பத்தாம் வகுப்புத் தேறாதோரின் கடவுச்சீட்டிலேயே ‘ஈ.சி.ஆர்.’ குறிப்பு உள்ளது. விதிகளை வாசித்தறிய இயலாதவருக்கே விதிகள் மிகுந்தன. அந்த இடைவெளியில் தரகர் வந்து அமர்ந்தார்.

மக்கள் மொழி இதை உடனே பதிவு செய்தது. அனுமதியில்லாதோரை அதிகாரிகளின் துணையோடு விமானமேற்றுவதற்கு மலையாளத்தில் ‘சவிட்டிக்கயற்று’, அதாவது மிதித்து ஏற்றுதல், என்று பெயர். பஞ்சாபிலோ அது ‘கபூதர்பாஜி’. புறா வளர்த்துப் பறக்கவிடுவோரின் சொல்.

எல்லாத் தரகரும் உண்மையில் கையூட்டுத் தருவதில்லை என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். பலர் விற்பது கையூட்டைப் பற்றிய வதந்தியை மட்டுமே. “மேலே கொடுக்க வேண்டும்” என்னும் தொகைக்கு ரசீது கிடையாது. விசா முறைப்படியே வந்தாலும் அது பணத்தின் வெற்றியாகிவிடும்; வராவிட்டால் பணம் போதவில்லை என்று பொருள். எவ்வகையிலும் பொய்யென நிறுவ முடியாத கூற்று அது. முறையிடச் செல்பவர் முதலில் தாம் கையூட்டுக் கொடுக்க முனைந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத் திருத்தத்தின்படி, கட்டாயத்தால் கொடுத்ததை ஏழு நாளுக்குள் தெரிவிக்காவிட்டால் கொடுத்தவரும் குற்றவாளியே. ஏமாற்றுவோருக்கு இதைவிடப் பாதுகாப்பு வேண்டியதில்லை.

இது கல்லாதோரின் சிக்கல் மட்டுமே என்போர் 2015ஆம் ஆண்டின் குவைத் செவிலியர் வழக்கை நோக்கலாம். கொச்சி முகவர் நிறுவனம் ஒன்று 19,500 ரூபாய் பெற வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரிடமும் ஏறத்தாழ 19.5 லட்சம் பெற்றதாக மத்தியப் புலனாய்வுத் துறை குற்றஞ்சாட்டியது. ஒரு பாதுகாவலர் மீதும் வழக்குப் பதிவாயிற்று. ஏமாந்தோர் பட்டயமும் பட்டமும் பெற்றோர். அரசின் விடையும் மற்றோர் அனுமதியாகவே அமைந்தது: ஈ.சி.ஆர். நாடுகளுக்குச் செல்லும் செவிலியருக்குக் குறிப்பு இல்லாவிடினும் குடிபெயர்வு ஒப்புதல் கட்டாயமாயிற்று; ஆளெடுப்பு நோர்க்கா ரூட்ஸ் போன்ற மாநில நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆகவே, இத்துறையில் ஆய்வு செய்வோர் எவ்வளவு கையூட்டு என்பதோடு மற்றொன்றையும் கேட்க வேண்டும். விண்ணப்பம் எந்த மேசையில் உள்ளது, உரிய கட்டணம் எவ்வளவு, மறுப்புக்குக் காரணம் என்ன என்பவை விண்ணப்பித்தவரின் தாய்மொழியில் அவருக்குச் சொல்லப்பட்டனவா? சொல்லப்படாத ஒவ்வொன்றும் தரகரின் சரக்கு.